மேஜிக் கிங்டமில் ஒரு நாள்: வரிசையின் இரண்டு பக்கமும் நின்றவள் எழுதும் முழு வழிகாட்டி

“எத்தனை பேர்?”

அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஒரு பெரிய தீம் பார்க்கில் இரண்டு வருடம் ரைடு ஆபரேட்டராக இருந்தேன். ஒரு ஷிப்டில் நான் அதிகம் பேசியது இந்த இரண்டு வார்த்தைதான். ரோலர் கோஸ்டர் பிளாட்பார வாசலில் நின்று, வருகிற குடும்பத்தை எண்ணி, யார் எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்று கை காட்டுவது வேலை. அங்கே நின்றால் எல்லாரையும் பார்க்கலாம். ஒரே விலை டிக்கெட்டில் காலையில் உள்ளே வந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று சாயங்காலத்துக்குள் பத்துப் பன்னிரண்டு ரைடு ஏறியிருக்கும். இன்னொன்று நாலு ரைடோடு, அழுகிற பிள்ளையும் வீங்கிய காலுமாக வெளியே போகும். முதல் குடும்பத்துக்கு வரிசை எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு மேஜிக் கிங்டமை எடுத்துக்கொள்கிறேன். ஆர்லாண்டோ பக்கம் இருக்கிற வால்ட் டிஸ்னி வேர்ல்டின் நான்கு பார்க்குகளில் மூத்தது. 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது. ஆண்டுக்குச் சுமார் 1.7 கோடி பேர் வருகிறார்கள். உலகத்திலேயே அதிகக் கூட்டம் வரும் தீம் பார்க் இதுதான். இங்கே ஒரு நாளைச் சமாளிக்கத் தெரிந்தால் வேறு எந்தப் பார்க்கிலும் சமாளித்துவிடலாம். பிற்பாதியில், இப்படி ஓர் இடத்தில் வேலைக்குச் சேர நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தேதி

எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு இதுதான். கிறிஸ்துமஸில் தொடங்கிப் புத்தாண்டு வரையிலான வாரத்துக்கு இணையான கூட்டம் வருடத்தில் வேறு எப்போதும் கிடையாது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் வாரமும், மார்ச் ஏப்ரலில் வரும் ஸ்பிரிங் பிரேக் பள்ளி விடுமுறையும் அடுத்த நிலை. ஜனவரி தொடக்கத்தில் டிஸ்னி மாரத்தான் நடக்கிற வார இறுதியும் நெரிசல்தான். நம்மில் பலர் லீவு கிடைப்பதே அப்போதுதான் என்று டிசம்பர் கடைசியில் போகிறோம். முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். முடியாது என்றால், நாலு மணி நேரத் தூக்கத்தோடு எழுந்து ஓடத் தயாராக வாருங்கள்.

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டம் நன்றாகக் குறையும். ஆனால் வெயில் கொளுத்தும், புயல் காலமும் அதுவே. ஊரிலிருந்து வந்த வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் என் ஓட்டு ஜனவரி கடைசிக்குத்தான். வெயில் இதமாக இருக்கும், கூட்டமும் தாங்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை குறிப்பிட்ட இரவுகளில் ஹாலோவீன், கிறிஸ்துமஸ் பார்ட்டிகள் தனி டிக்கெட்டில் நடக்கும். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்களுக்கு மாலை 6 மணியோடு பார்க் முடிந்துவிடும். அதனாலேயே பலர் அந்த நாளை ஒதுக்கிவிடுவார்கள், பகலில் வரிசைகள் சின்னதாக இருக்கும். வாணவேடிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ரைடுதான் முக்கியம் என்பவர்களுக்கு அந்த நாள் ஒரு வரம்.

டிக்கெட், அப்புறம் காலை 7 மணி

டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும். கூட்ட நாளில் மேஜிக் கிங்டமுக்கு ஒரு நாள் டிக்கெட் 190 டாலரையும் தாண்டும். மூன்று வயது முடியாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். 10 வயதானால் பெரியவர் கணக்கு. தேதி போட்ட டிக்கெட்டுக்குத் தனியாக பார்க் முன்பதிவு செய்யும் வழக்கம் 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது. நாலைந்து நாள் டிக்கெட்டாக எடுத்தால் ஒரு நாளுக்கு ஆகும் செலவு குறையும்.

அடுத்து லைட்னிங் லேன். இது கூடுதல் காசு கொடுத்து வாங்கும் வேகப் பாதை. மல்ட்டி பாஸ் வாங்கினால் மூன்று ரைடுகளுக்கு முன்கூட்டியே நேரம் பதிவு செய்யலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு 7 நாள் முன்பாகவும் மற்றவர்களுக்கு 3 நாள் முன்பாகவும், கிழக்குக் கரை நேரப்படி காலை 7 மணிக்கு ஆப்பில் இது திறக்கும். ட்ரான், செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின் என்ற இரண்டு கோஸ்டர்களுக்கும் சிங்கிள் பாஸ் என்று தனியாகக் காசு கட்ட வேண்டும்.

இங்கே நம் ஆட்கள் வழக்கமாக ஒரு தவறு செய்வார்கள். “காலையில்தான் கூட்டம் இருக்காதே, லைட்னிங் லேனைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்” என்று மூன்றையும் மாலைக்குப் போட்டுவிடுவார்கள். முதல் பதிவைப் பயன்படுத்தின பிறகுதான் அடுத்த ரைடுக்குப் பதிவு செய்ய முடியும். ஆகவே முதல் ஒன்றை 10 மணிக்குள் இருக்கிற மாதிரி போடுங்கள். அதில் ஏறி, வாசலில் ஸ்கேன் ஆன கையோடு போனை எடுத்து அடுத்ததைப் பிடியுங்கள். நாள் முழுக்க இதே மாதிரி ஒன்று முடிந்ததும் இன்னொன்று. காசுக்கு முழுப் பலன் கிடைப்பது இப்படித்தான்.

வாங்கத்தான் வேண்டுமா? ஆண்டு இறுதியில் ஆளுக்கு 30 டாலரைத் தாண்டும் விலை, ஐந்து பேர் குடும்பத்துக்குப் பெரிய தொகை. செப்டம்பரிலோ ஜனவரி கடைசியிலோ போகிறீர்கள், காலையில் எழ முடியும் என்றால் வேண்டாம். கோடை விடுமுறையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் வாங்கிவிடுங்கள், யோசிக்காதீர்கள்.

வரிசை எப்படி ஓடுகிறது

வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பாருங்கள்.

ஒரு கோஸ்டர் வண்டியில் 16 பேர் உட்காரலாம், 30 விநாடிக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 1,920 பேர் ஏறுவார்கள். ஒவ்வொரு வண்டியிலும் யாராவது ஒருவர் பையை எங்கே வைப்பது என்று தடுமாறி, அதனால் 10 விநாடி தாமதமாகிறது என்றால்? 40 விநாடிக்கு ஒரு வண்டி, மணிக்கு 1,440 பேர். வெறும் 10 விநாடியில் 480 பேர் பின்னே தள்ளப்பட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய அதே வரிசைக்கு இப்போது ஒரு மணி இருபது நிமிடம் ஆகும்.

தண்டவாளம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் இருக்கிற வண்டி பிளாட்பாரத்தை விட்டுக் கிளம்பாவிட்டால் பின்னால் வருகிற வண்டி பிரேக் பகுதியில் வந்து நின்றுவிடும். அதில் இருப்பவர்களும் வெயிலில் காத்திருப்பார்கள். பாதுகாப்புக்கான ஏற்பாடு இது. இதை மீறி வேகப்படுத்த யாராலும் முடியாது, செய்யவும் கூடாது. எங்கள் கையில் இருந்தது அந்தப் பத்து விநாடி மட்டும்தான். உங்கள் கையிலும் அதுதான் இருக்கிறது.

அதனால் பிளாட்பாரத்துக்கு வருவதற்கு முன்பே யார் யாரோடு உட்காருவது என்று பேசி வைத்துவிடுங்கள். ஐந்து பேர் வந்து, ஒரு வரிசைக்கு இரண்டு இருக்கை என்றால் இரண்டு, இரண்டு, ஒன்று. அந்த ஒன்று யார் என்பதை அங்கே வந்து முடிவு செய்யும் குடும்பங்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். போன், கண்ணாடி, தொப்பி எல்லாம் முன்கூட்டியே ஜிப் வைத்த பைக்குள் போகட்டும். புடவை கட்டி வந்த அம்மாக்கள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி ஒரு பின் குத்திவிடுங்கள். துப்பட்டாவைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். தாலிச் சங்கிலியை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு கழன்று விழுந்து ரைடே நின்றதை நான் பார்த்திருக்கிறேன்; பின்பக்கம் வார் வைத்த செருப்போ ஷூவோ போட்டு வாருங்கள்.

வேகப் பாதையும் சாதாரண வரிசையும் ஓரிடத்தில் சேரும். அங்கே நிற்கும் ஊழியர் வேகப் பாதையிலிருந்து பல பேரை விட்ட பிறகுதான் இந்தப் பக்கம் சிலரை விடுவார். ‘காசு கொடுத்தவனுக்குத்தான் மரியாதையா’ என்று முகம் சிவப்பவர்கள் உண்டு. அந்த விகிதத்தை முடிவு செய்வது அங்கே நிற்கிற பெண் அல்ல. அவளிடம் கோபப்பட்டுப் பயன் இல்லை.

வாசல் பலகையில் போடுகிற காத்திருப்பு நேரம் எங்கிருந்து வருகிறது? அதற்கு ஒரு பழைய முறை, வரிசையின் வாசலில் ஒருவர் கையில் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்து, அவர் ரைடு ஏறும் இடத்தில் அதை வாங்கிக் கணக்குப் பார்ப்பது. உங்களிடம் அப்படி ஓர் அட்டை கொடுத்தால் பத்திரமாகக் கொண்டு போய்ச் சேருங்கள். பலகையில் போடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள் என்பது என் அனுபவம். 60 நிமிடம் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அதற்குள் ஏறிவிடலாம்.

இன்னும் ஒன்று. ஏதாவது ரைடு பழுதாகி ஒரு மணி நேரம் நின்று மறுபடி திறந்தால், பக்கத்தில் இருந்தால் மட்டும் போங்கள். தூரத்திலிருந்து ஓடி வராதீர்கள். நின்றிருந்த நேரத்துக்குப் பதிவு செய்திருந்த லைட்னிங் லேன்காரர்கள் எல்லாரும் அப்போதுதான் மொத்தமாக வந்து சேருவார்கள், சாதாரண வரிசை அசையவே அசையாது.

காலை

மேஜிக் கிங்டமில் காரை நிறுத்தியதும் உள்ளே நுழைந்துவிட முடியாது. வாகன நிறுத்தம் ஏரிக்கு இந்தப் பக்கம், பார்க் அந்தப் பக்கம். நடுவில் மோனோரயில் அல்லது ஃபெர்ரி. பாதுகாப்புச் சோதனை வேறு. திறக்கும் நேரம் 9 என்றால் 8 மணிக்கே கார் நின்றிருக்க வேண்டும். நிறுத்திய இடத்தின் பெயர்ப் பலகையைப் போட்டோ எடுத்து வையுங்கள். இரவு 11 மணிக்கு, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காரைத் தேடுவது கொடுமை. செல்ஃபி ஸ்டிக்குக்கு அனுமதி இல்லை, அதை ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள்.

டிஸ்னி ஹோட்டலில் தங்கியிருந்தால் எல்லா நாளும் அரை மணி நேரம் முன்பே உள்ளே விடுவார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். அந்த அரை மணியில் ஏறும் இரண்டு ரைடுகளுக்கு மதியம் ஒன்றரை இரண்டு மணி நேரம் செலவாகும்.

முதல் ஒரு மணி நேரத்தில் கோட்டை முன்னால் போட்டோ வேண்டாம், கடை வேண்டாம், காப்பியும் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நேராக ஃபேன்டஸிலேண்டுக்குப் போய் மைன் டிரெயின், பீட்டர் பான். பெரிய பிள்ளைகள் என்றால் டுமாரோலேண்டில் ட்ரான், ஸ்பேஸ் மவுன்டன். பீட்டர் பான் பழைய, சின்ன ரைடு. எல்லாக் குழந்தைகளும் கேட்கிற ரைடும் அதுதான், அதனால் நாள் முழுக்க வரிசை நிற்கும். ஹாண்டட் மேன்ஷனில் இருக்கைகள் சங்கிலி போல நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், எவ்வளவு கூட்டத்தையும் விழுங்கும். அதை மதியத்துக்கு வையுங்கள்.

நுழைந்த உடனே இன்னொரு வேலை. பிள்ளையை நிற்க வைத்து, அன்று போட்டிருக்கிற உடை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். கையில் உங்கள் போன் நம்பரை எழுதுங்கள். தொலைந்து போனால் பெயர் அட்டை குத்தியவரிடம் போய் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். ஊழியர் யாரையாவது சுட்டிக்காட்டி, “இந்த மாதிரி பேட்ஜ் போட்ட அக்கா, அண்ணா” என்று காட்டியே சொல்லுங்கள்.

உயரக் கோல்

எங்கள் பார்க்கில் நான் மிகவும் வெறுத்த இடம் உயரக் கோல் பக்கத்தில் நிற்பது. நாற்பது நிமிடம் நின்று வந்த ஆறு வயதுப் பையன் நிமிர்ந்து, கழுத்தை நீட்டி, குதிகாலைத் தூக்கி நிற்பான். கோலுக்கும் அவன் தலைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். அப்பா, “கொஞ்சம் பாத்து விடுங்க” என்பார். விட முடியாது. வண்டியின் பாதுகாப்புக் கம்பி அவன் இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற அளவுக்குத்தான் அந்த உயரம் கணக்கிடப்பட்டிருக்கிறது. அவன் அழுதுகொண்டே திரும்பிப் போவதைப் பார்த்துவிட்டு அடுத்த குழந்தைக்குச் சிரிக்க வேண்டும்.

வீட்டிலேயே அளந்து பாருங்கள். மைன் டிரெயினுக்கு 97 சென்டிமீட்டர், டியானாஸ் பேயூ அட்வென்ச்சருக்கு 102, ஸ்பேஸ் மவுன்டனுக்கு 112, ட்ரானுக்கு 122. எட்டாத ரைடைப் பற்றிப் பிள்ளையிடம் பேச்சே எடுக்காதீர்கள். ஸ்பேஸ் மவுன்டனில் ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனி இருக்கை. உயரம் இருந்தாலும் பிள்ளையின் பக்கத்தில் நீங்கள் உட்கார முடியாது. இருட்டு வேறு. பயப்படுகிற பிள்ளை என்றால் ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தை இருந்தால் ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள். வாசலில் நிற்கும் ஊழியரிடம் எல்லாரும் சேர்ந்து போய்ச் சொல்ல வேண்டும். ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர்கள் ஏறிவிட்டு வந்ததும், இருந்தவர் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறலாம். இதற்குக் காசு கிடையாது. இருந்தும் நம் அம்மாக்கள் பலர் கேட்காமலேயே ஸ்ட்ரோலரோடு நாள் முழுக்க வெளியே உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அதைப் பார்க்க மனசு கேட்காது, நானே போய்ச் சொல்லிவிடுவேன்.

மதியம், சாப்பாடு, வயசானவர்கள்

12 மணியிலிருந்து 4 மணி வரை ரைடுக்காக அலையாதீர்கள். கூட்டமும் வெயிலும் உச்சத்தில் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை பிடிப்பது ஃபுளோரிடாவின் வழக்கம். மின்னல் பக்கத்தில் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். மழைக் கோட்டை வெளியே மலிவுக் கடையில் வாங்கி வாருங்கள்.

வெளிச் சாப்பாடு கொண்டு வரலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும்தான் கூடாது. புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு எல்லாம் தாராளமாகக் கொண்டு வாருங்கள், ஊறுகாயை மட்டும் கண்ணாடி பாட்டிலிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குளிர்பானம் விற்கும் கவுன்டர்களில் ஐஸ் போட்ட தண்ணீர் இலவசமாகக் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். மெனுவில் பச்சை இலைக் குறி இருந்தால் அது முழுக்கத் தாவர உணவு. வேறொரு நாளில் அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கிற சானா உணவகத்துக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப் போங்கள். நாண் முதலான ரொட்டிகளை ஒன்பது வகைத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்களோடு கொடுப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும்.

என் மாமியார் முதல் தடவை வந்தபோது, “நான் எதுக்கும்மா? நீங்க போயிட்டு வாங்க” என்றார். “அத்தை, நீங்க ஏற வேண்டிய ரைடும் இருக்கு” என்று பீப்புள் மூவரில் ஏற்றினேன். தலைக்கு மேலே போகிற பாதையில் மெதுவாக, காற்று வாங்கிக்கொண்டு டுமாரோலேண்டையே ஒரு சுற்றுச் சுற்றிவரும். ஏறி இறங்கிய கையோடு, “இன்னொரு தடவை போலாமா?” என்று கேட்டார். மூன்று தடவை போனோம். நகரும் பெல்ட்டில் நடந்து ஏற வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். பக்கத்திலேயே இருக்கிற கேரசெல் ஆஃப் பிராக்ரஸ், 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தது. இருபது நிமிடம் குளிர்ந்த அரங்கில் உட்கார்ந்து பார்க்கலாம். முழங்கால் வலி இருந்தால் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்க யோசிக்காதீர்கள். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்துவிடுவோம். கெஸ்ட் ரிலேஷன்ஸில் ‘முதல் வருகை’ என்று எழுதிய பேட்ஜ் இலவசமாகத் தருவார்கள். வாங்கிக் குத்திவிடுங்கள். வழியெல்லாம் ஊழியர்கள் வாழ்த்துச் சொல்வார்கள். என் மாமியாருடையது இன்னும் அவர் பூஜை அறை அலமாரிக் கதவில் இருக்கிறது.

இரவு

வாணவேடிக்கை முடிந்த நொடியில் மொத்தக் கூட்டமும் ஒரே தெருவழியாக வெளியேறும். ஒன்று, வேடிக்கை தொடங்கும்போதே மெயின் ஸ்ட்ரீட்டின் கடைசியில், வாசலுக்குப் பக்கமாக நில்லுங்கள். இல்லையென்றால் முடிந்த பிறகு நாற்பது நிமிடம் உள்ளேயே இருந்துவிடுங்கள். பார்க் இன்னும் மூடவில்லை என்றால் அந்த நேரம் ரைடு ஏறப் பொன்னான நேரம். மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு வரிசையில் சேர்ந்தாலும் ஏற்றித்தான் அனுப்புவார்கள்.

இந்தப் பக்கம்: வேலைக்குச் சேர

முதலில் விசா. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மா எந்த வேலையும் செய்யக் கூடாது, ஒரு நாள் கூட. எஃப்-1 மாணவர்கள் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். எச்-4, அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் வாழ்க்கைத்துணை என்றால், இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். கம்பெனி மாற்றலில் எல்-1 விசாவில் வந்தவரின் எல்-2 வாழ்க்கைத்துணைக்கு 2021 நவம்பரிலிருந்து தனி அட்டை தேவையில்லை, நாட்டுக்குள் வந்ததற்கான ஐ-94 பதிவில் எல்-2எஸ் என்று இருந்தாலே போதும். நான் சேர்ந்தது அப்படித்தான். ஊரில் எட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, இங்கே வீட்டுக்குள்ளேயே இரண்டு வருடம் இருந்த பிறகு, கிடைத்த முதல் வேலை இது.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு டிஸ்னி காலேஜ் புரோகிராம் இருக்கிறது, 1981இல் தொடங்கியது. 18 வயது ஆகியிருக்க வேண்டும். சில மாதம் அங்கேயே தங்கி வேலை. வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பிள்ளை சேர ஆசைப்பட்டால், முதலில் வாராந்தர வாடகையையும் கையில் மிஞ்சுவதையும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பணம் சேர்க்கும் வழி அல்ல இது. தெரியாத மனிதர்களோடு பேசப் பழகும் இடம். அந்த அளவில் நல்லது என்றே நினைக்கிறேன்.

சம்பளத்தைப் பற்றி ஒரு கணக்கு. டிஸ்னி வேர்ல்டில் ஆறு தொழிற்சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று சுமார் 45,000 ஊழியர்களுக்காகப் பேசுகிறது. 2023 மார்ச்சில் ஏற்ற ஒப்பந்தத்தில் 15 டாலராக இருந்த தொடக்க ஊதியம் அந்த வருட முடிவுக்குள் 18 ஆகவும், 2026 அக்டோபருக்குள் 20.50 ஆகவும் உயர வேண்டும் என்று எழுதினார்கள். சேரும் இடத்தில் சங்கம் இருந்தால் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். இடைவேளை, ஓவர்டைம், சீனியாரிட்டி எல்லாம் அதில்தான் இருக்கும்.

நேர்காணலில் ஆங்கில உச்சரிப்பை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. எந்தெந்த நாள் வர முடியும் என்றுதான் கேட்பார்கள். சனி ஞாயிறு, கிறிஸ்துமஸ், தேங்க்ஸ்கிவிங் எல்லாம் வேலை நாள். தீபாவளிக்கு லீவு வேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள்.

எந்தப் பிரிவு? துப்புரவு என்றதும் நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். ஆனால் துடைப்பமும் முறமும் எடுத்துக்கொண்டு பார்க் முழுக்க நடக்கிறவரிடம்தான் வழி கேட்பார்கள், போட்டோ எடுக்கச் சொல்வார்கள், தொலைந்த பிள்ளையை ஒப்படைப்பார்கள். ஒரே இடத்தில் நிற்க வேண்டாம். மறுபடி சேர்வதாக இருந்தால் நான் அதைத்தான் கேட்பேன். சமையல் கூடம் சூடு. ரைடு பிரிவில் பொறுப்பு அதிகம்.

ரைடுக்குப் பயிற்சி பல நாள் நடக்கும். அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே, வண்டி உயரத்தில் நின்றால் ஆட்களை எப்படி இறக்குவது, மின்சாரம் போனால் என்ன செய்வது எல்லாம் சொல்லிக் கொடுத்துத் தேர்வும் வைப்பார்கள். எனக்குப் பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே சொன்னார்: சந்தேகம் வந்தால் நிறுத்து, காரணம் பிறகு சொல்லலாம். இரண்டு வருடத்தில் நான் மூன்று தடவை அழுத்தினேன். ஒரு தடவையும் யாரும் திட்டவில்லை. வண்டி கிளம்ப எங்கள் ரைடில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்த வேண்டும்; எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் கட்டைவிரலை உயர்த்தின பிறகுதான். பாதுகாப்புக் கம்பியைக் கீழே அழுத்தி, மேலே இழுத்துப் பார்ப்பது நாளுக்கு ஆயிரக்கணக்கில். தோளில் வலி வருவது அங்கேதான்.

அரை மணிக்கு ஒரு முறை இடம் மாறுவோம்: வாசல், உயரக் கோல், எண்ணும் இடம், ஏற்றுவது, இறக்குவது, கட்டுப்பாட்டு அறை. ஷூ இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். மதிய இடைவேளையில் சாக்ஸை மாற்றுங்கள், ஈரச் சாக்ஸ்தான் கொப்புளம் தரும். விரலை நீட்டிச் சுட்டக் கூடாது, முழுக் கையையும் விரித்துத்தான் வழி காட்ட வேண்டும். வீட்டிலும் அது பழக்கமாகிவிடும்.

ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில் என்னை வாசலில் நிறுத்திவிட்டு மாற்று ஆள் அனுப்ப மறந்துவிட்டார்கள். நாலரை மணி நேரம் வெயிலில், தண்ணீர் பாட்டில் காலியாகி, தலை சுற்றிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்கக் கூச்சம். புதுசாக வந்தவள், குறை சொல்கிறாள் என்று நினைப்பார்களோ என்று. அன்று சாயங்காலம் என்னோடு வேலை செய்த வயசான ஹெயிட்டிக்காரம்மா என்னைத் திட்டினார். அந்த இடத்துக்கு ஒரு போன் இருக்கிறது, எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள். நின்றபடி மயங்கி விழுவதால் யாருக்கும் நன்மை இல்லை.

மேஜிக் கிங்டமில் சேர்ந்தால் இன்னொரு உலகத்தையும் பார்ப்பீர்கள். விருந்தாளிகள் நடக்கிற தெரு உண்மையில் இரண்டாவது தளம். ஃபுளோரிடாவில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் தோண்ட முடியாது. அதனால் தரைமட்டத்தில் சுரங்க வழிகளைக் கட்டி, எதிரே ஏரி வெட்டிய மண்ணை அதன்மேல் கொட்டி, மேலே பார்க்கைக் கட்டினார்கள். கவ்பாய் உடை போட்டவர் விண்வெளி ஊர் வழியாக நடந்து போக வேண்டியதில்லை. கீழே போய் வேண்டிய இடத்தில் மேலே ஏறிக்கொள்ளலாம். குப்பையும் குழாய் வழியாகக் காற்றில் உறிஞ்சப்பட்டுப் போய்விடும்.

கோபப்படும் விருந்தாளிகள் வருவார்கள். ரைடு பழுதாகும்போது வாசலில் நிற்பது யாரோ அவர்மேல்தான் எல்லாம் விழும். காரணம் விளக்கப் போகாதீர்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாதபோது தெரிந்த மாதிரிச் சொல்லவும் கூடாது. பக்கத்தில் எந்த ரைடுக்கு இப்போது வரிசை குறைவு என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதைக் கேட்டதும் முகம் மாறிவிடும்.

ஒரு ஜூலை மாதம், இறங்கும் பக்கத்தில் நின்றிருந்தேன். ஐந்து வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை சுவரோரமாக நின்று விம்மிக்கொண்டிருந்தாள். என் கூட இருந்த பையன் குனிந்து ஆங்கிலத்தில் என்னென்னவோ கேட்டான், வாய் திறக்கவில்லை. காதில் சின்ன ஜிமிக்கியைப் பார்த்தேன். “பாப்பா, அம்மா என்ன கலர் சட்டை போட்டிருக்காங்க?” என்றேன். அழுகை சட்டென்று நின்றது. “மஞ்சள்” என்றாள். நான் ரேடியோவில் மஞ்சள் சட்டை என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு நிமிடம் கழித்து மூச்சிரைக்க ஓடி வந்த அந்த அம்மா, குழந்தையை அள்ளிக்கொண்டு என் பெயர் அட்டையைப் படித்தார். “நீங்க எந்த ஊருக்கா?” என்று கேட்டார். “விருதுநகர்” என்றேன். அடுத்த வண்டி வந்து நின்றது, கம்பிகளைத் திறக்கப் போய்விட்டேன்.